அகராதி ஆட்டம்: முதன்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாருக்கும் தெரியாத ஒரு தமிழ்ச் சொல்லை ஒருவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை எழுதித் தருவார்கள். உண்மையான பொருளும் அந்தப் பொய்களோடு கலந்து வாசிக்கப்படும். உண்மையைக் கண்டுபிடித்தவருக்கும் புள்ளி, தன் பொய்யை மற்றவர்கள் நம்பும்படி எழுதியவருக்கும் புள்ளி. ஆட்டம் இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நடத்தும்போதுதான் எங்கெங்கே இடறும் என்று தெரியும்.

நாங்கள் இதை முதலில் ஆடியது ஏற்காட்டில். உறவினர்கள் 14 பேர், டிசம்பர் மாதக் குளிர், சாப்பாடு முடிந்த இரவு. முதல் சொல்லுக்கே 40 நிமிடம் ஆனது. மூன்றாவது சொல்லில் சண்டை வந்தது. நான்காவது சொல்லுக்குப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். ஆனாலும் நடுவில் ஒரு பத்து நிமிடம் எல்லோரும் ஒரு சொல்லைச் சுற்றிக் கண் விரிய உட்கார்ந்திருந்தோம். அதற்காகவே விடாமல் சேலத்தில் மறுபடி தொடங்கினேன். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஆடுகிறோம். நாங்கள் பட்ட சிரமம் நீங்கள் படக்கூடாது என்பதற்காக, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. ஆள் கணக்கை முதலில் முடியுங்கள்

ஆறு முதல் எட்டு பேர் சரியான எண்ணிக்கை. ஐந்துக்குக் கீழே போனால் பொய்கள் போதாது, உண்மை சட்டென்று தெரிந்துவிடும். எட்டுக்கு மேலே போனால் கேட்பவர் மனதில் நிற்காது. எங்களுடைய முதல் ஆட்டம் அங்கேதான் கெட்டது. 14 பேர் என்றால் ஒரு சொல்லுக்கு 13 பொய், ஓர் உண்மை. பதினான்காவதை வாசிக்கும்போது மூன்றாவது என்ன என்று யாருக்கும் நினைவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். 14 பேர் ஏழு ஜோடி ஆவார்கள், கணக்கு சரியாகிவிடும்.

ஜோடி சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வேகமாக எழுத வராது. எழுதத் தயங்கும் பாட்டிகளுக்குக் கற்பனை ஊற்றெடுக்கும். பாட்டி சொல்ல, பேரன் எழுதட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் பெரியம்மாவின் பொய்களுக்குத்தான் எங்கள் குழுவில் இன்றுவரை அதிக வாக்கு விழுகிறது.

தமிழாசிரியர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் ஒரு சிக்கல் வரும். பத்துச் சொல்லில் எட்டு அவருக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்கள் சோர்ந்துவிடுவார்கள். எங்கள் குழுவில் இருக்கும் தமிழாசிரியை அம்மாவிடம் சொல் தேடித் தரும் பொறுப்பைக் கொடுத்துவிட்டோம். தகராறு வந்தால் தீர்ப்பும் அவருடையதுதான். அவருக்கும் அதில் மகிழ்ச்சி.

2. அகராதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இந்த ஆட்டத்துக்குப் பெரிய புதையல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் அகராதிகளும், செய்யுள் வடிவில் சொற்பொருள் சொல்லும் பழைய நிகண்டுகளும் கிடைக்கின்றன. வீட்டில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருந்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த சொல் அதில் இருந்தால் அது இன்றும் புழக்கத்தில் உள்ள சொல், யாருக்காவது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அச்சுப் புத்தகத்தைப் புரட்டித் தேடுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஒரு சொல்லைத் தேடப் போனால் பக்கத்தில் நாலு சொல் கண்ணில் படும். நூலகத்தில் பெரிய அகராதிகள் குறிப்புதவிப் பிரிவில் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோய் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுப்பதாக இருந்தால் நூலகரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டு மணி நேரத்தில் 20 நல்ல சொற்கள் எடுக்கலாம். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள். அன்று காலையில் அவசரமாகத் தேடிய சொற்கள் எங்களுக்கு ஒருமுறைகூட நன்றாக அமைந்ததில்லை.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு தகவல். சொற்களின் வேரைத் தேடியே வாழ்ந்த தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். நம் ஊரில் உட்கார்ந்து சொல் தேடுவது புதிய வேலை இல்லை.

3. சொல்லைத் தேர்ந்தெடுப்பது: ஆட்டத்தின் உயிர் இங்கேதான்

சொல் நன்றாக இருந்தால் மற்ற குறைகளை எல்லாம் ஆட்டம் தாங்கும். சொல் சரியில்லை என்றால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை. நான் பார்க்கும் சோதனைகளைச் சொல்கிறேன்.

பிரித்தால் பொருள் வந்துவிடுகிறதா என்று பாருங்கள். ‘கட்செவி’ என்றால் பாம்பு. கண், செவி என்று பிரிக்கத் தெரிந்தவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அதை வையுங்கள். பிரித்தால் தவறான பாதையில் கொண்டுபோய் விடுகிற சொல்தான் தங்கம். ‘கறையடி’ அப்படிப்பட்டது. கறை என்றதும் அழுக்கு, மருதாணி, நாவல் பழம் என்று மனம் ஓடும். உண்மையில் கறை என்றால் உரல். உரல் போன்ற பாதம் உடையது, யானை. ‘தூங்கல்’ என்பதும் யானைக்கு ஒரு பெயர்தான். அதைச் சொன்னால் தூக்கத்தைச் சுற்றியே ஆறு பொய் வரும். உண்மையை வாசிக்கும்போது ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒலியே காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். ‘ஞெண்டு’ என்றால் நண்டு. வாயால் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஞகரத்தில் தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் பழமையாக ஒலிக்கும் என்பதால் புதியவர்கள் அந்தப் பக்கத்தையே புரட்டுவார்கள். ஞிமிறு என்றால் வண்டு, ஞாளி என்றால் நாய். இரண்டு சொல்லுக்குப் பிறகு எல்லோரும் ஏதாவது ஒரு பிராணியைத்தான் எழுதுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஞகரச் சொல் போதும்.

பக்கத்து மொழிகளை மறக்காதீர்கள். சேலத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுபவர்கள் ஏராளம். ஒருமுறை ‘ஞமலி’ என்ற சொல்லை வைத்தேன். நான் சீட்டில் எழுதியிருந்த பொருள், நாய். பக்கத்து வீட்டு அக்கா ‘மயில்’ என்று எழுதிக் கொடுத்தார். தெலுங்கில் மயிலுக்கு நெமலி என்று பெயர். வீட்டில் தெலுங்கு பேசும் மூன்று பேரும் யோசிக்காமல் மயிலுக்கு வாக்களித்தார்கள். பெரியப்பா மட்டும் நாயைக் கண்டுபிடித்துவிட்டு, “ஏன் கண்ணு, நாயை நாய்னு சொல்லாம இவ்வளவு அழகா ஒரு பேரு வெச்சிருக்காங்க பாரு” என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மொழி தெரிந்தவருக்கு அது சில நேரம் உதவும், சில நேரம் கவிழ்க்கும். சொல் வைக்கும்போது யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல பொருள் உள்ள சொல்லா என்று பாருங்கள். முதல் ஆட்டத்தில் எங்களுக்குச் சண்டை வந்தது இதனால்தான். பழைய பின்னக் கணக்கில் ‘முந்திரி’ என்றால் 320-இல் ஒரு பங்கு. நல்ல சொல் என்று நினைத்து வைத்தேன். என் மச்சான் ‘ஒருவகைப் பருப்பு’ என்று எழுதிக் கொடுத்து, அதுதான் சரியான பொருள் என்று புள்ளி கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்று அதற்கு எங்களிடம் விதி இல்லை. இப்போது இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பொருள் ஒன்று இருந்தால், அதை முதலிலேயே அறிவித்து விலக்கிவிட வேண்டும். ‘குளிர்’ என்ற சொல்லை அப்படித்தான் வைத்தோம். “நடுங்க வைக்கும் குளிர் வேண்டாம், இன்னொரு பொருள் எழுதுங்கள்.” குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளைச் சொல்லும்போது தழல், தட்டை, குளிர் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. ஏற்காட்டில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள், அதன் சுவையே தனி.

சப்பென்ற பொருளைத் தவிருங்கள். அகராதியில் பல சொற்களுக்கு ‘மரவகை’, ‘பூடுவகை’, ‘மீன்வகை’ என்று மட்டும் போட்டிருக்கும். உண்மை தெரிந்ததும் ஒருவர் முகமும் மலராது. அதேபோல, பழைய அகராதிகளில் சாதியைக் குறித்தும் பெண்களைக் குறித்தும் உடல் குறையைக் குறித்தும் இழிவாக எழுதப்பட்ட சொற்கள் உண்டு. வீட்டுக் கூட்டத்தில் அவை வேண்டாம். பொருளை முழுதாகப் படித்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் சீட்டில் எழுதாதீர்கள்.

வட்டாரச் சொற்களுக்கு ஒரு தனிச் சுற்று வைக்கலாம். ஒடக்கான், பொடக்காளி, அட்டாலி, ஒறம்பரை போன்றவை நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அவை புதிர். ஆகவே அந்தச் சுற்றில் உள்ளூர்க்காரர்கள் பொய் எழுதட்டும், வெளியூர்க்காரர்கள் மட்டும் வாக்களிக்கட்டும். அடுத்து அவர்கள் ஊர்ச் சொல்லை அவர்கள் வைக்கட்டும்.

4. தாள்களைத் தயார் செய்யுங்கள்

சொல் சீட்டு, பொய்ச் சீட்டு, புள்ளித் தாள் என்று மூன்று வகை வேண்டும். சொல் சீட்டில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: சொல், அதன் பொருள், மற்ற பொருள்கள் இருந்தால் அவையும், எந்த அகராதியில் எடுத்தது என்பது. கடைசி விவரம் இல்லாமல் போனால் தகராறு வரும்போது நிரூபிக்க வழியில்லை. மலைமேல் செல்போனில் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எஸ்டேட் பகுதிகளில் பல இடங்களில் சிக்னலே கிடைக்காது. நாங்கள் அப்படி நம்பிப் போய், சரியான பொருளை நினைவிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

பொய்ச் சீட்டுக்கு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் போதும். ஏழு பேர், ஏழு சொல் என்றால் 49 சீட்டு, அதாவது ஏழு தாள். வாக்குச் சீட்டுக்கும் கிழிந்ததற்கும் சேர்த்து 15 தாள் வையுங்கள். எல்லாப் பேனாவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தாள், பேனா, ஒரு கிளிப் அட்டை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 100 ரூபாய்க்குள் முடிந்தது. கடைகளில் விற்கும் ஆங்கில வார்த்தை விளையாட்டுப் பெட்டிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

5. ஒரு சுற்றை இப்படி நடத்துங்கள்

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் சொல் வைப்பவர். அவர் சொல்லை இரண்டு முறை உச்சரித்து, எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். ரகர றகரமும், லகர ழகர ளகரமும் தெளிவாக இருக்கட்டும். முடிந்தால் ஒரு பெரிய தாளில் எழுதி நிறுத்திவிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்.

பொய் எழுத நான்கு நிமிடம். செல்போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கொடுக்கக் கொடுக்க பொய் நன்றாக வரும் என்று நினைத்தோம். நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்ததுதான் பலரும் சறுக்கும் இடம். சொல் வைப்பவர் சீட்டுகளை வாங்கியதும் உடனே வாசிக்கக் கூடாது. முதலில் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை படிக்க வேண்டும். கையெழுத்து புரியவில்லை என்றால் எழுதியவரைத் தனியே கூப்பிட்டுக் காதோடு கேட்டுக்கொள்ள வேண்டும். வாசிக்கும்போது தடுமாறினால் அது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உண்மையான பொருளையும் அதே அளவு சீட்டில் எழுதி, மற்றவற்றோடு கலந்து குலுக்கி, வரும் வரிசையிலேயே வாசியுங்கள். குலுக்காமல் தாங்களே வரிசைப்படுத்தினால் எல்லோரும் உண்மையை நடுவில்தான் ஒளித்து வைக்கிறார்கள். மூன்று ஆட்டத்தில் மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரே குரலில், ஒரே வேகத்தில், எண் சொல்லி இரண்டு முறை வாசியுங்கள். சிரிப்பு வந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சீட்டைக் கைமாற்றிப் பார்க்க விடாதீர்கள், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாக்கை ஆளாளுக்கு ஒரு துண்டுத் தாளில் எண்ணாக எழுதி ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். வாயால் சொல்லவிட்டால் வீட்டுப் பெரியவர் என்ன சொன்னாரோ அதற்கே எல்லோரும் போய்விடுவார்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 14 நிமிடம் ஆகும். ஏழு சுற்று என்றால் 98 நிமிடம். நடுவில் ஒரு டீ இடைவேளை விட்டு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தால் அதை இடைவேளையில் மட்டும் பிரியுங்கள். சட்னிக் கையோடு சீட்டைத் தொட்டால் அடுத்த சுற்றில் அந்தச் சீட்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

6. புள்ளிக் கணக்கு

உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு 2. உங்கள் பொய்யை நம்பிய ஒவ்வொருவருக்கும் உங்களுக்கு 1. ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் சொல் வைத்தவருக்கு 2. யாராவது பொய் எழுதப் போய் உண்மையான பொருளையே எழுதிவிட்டால் அவருக்கு உடனே 3. அந்தச் சீட்டை வாசிக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். அகராதியில் உள்ள எந்தப் பொருளை எழுதினாலும் இந்த 3 புள்ளி உண்டு, முதலில் அறிவித்து விலக்கிய பொருளைத் தவிர.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழு பேர், சொல் ‘குய்’. வாக்களிப்பவர்கள் ஆறு பேர். ‘ஈரத் துணியை உதறும் ஓசை’ என்ற பொய்க்கு மூன்று வாக்கு, எழுதியவருக்கு 3 புள்ளி. ‘குயில் குஞ்சு’ என்பதற்கு ஒன்று, அவருக்கு 1. ‘தாளிப்பு’ என்ற உண்மைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 2. சொல் வைத்தவருக்கு ஒன்றுமில்லை. புள்ளியை ஒவ்வொரு சுற்றிலும் உடனே எழுதிவிடுங்கள், கடைசியில் சேர்த்துப் போடலாம் என்று விட்டால் தப்பும்.

7. பொய் எழுதப் பழகுவது

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, சிரிப்பு மூட்ட எழுதுவது. அறை அதிரச் சிரிப்பார்கள், ஒருவரும் வாக்களிக்க மாட்டார்கள். அகராதி எப்படிப் பேசும் என்பதைக் கேட்டுப் பழகுங்கள். அது சுருக்கமாகப் பேசும். பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் முடிக்கும். ‘ஒருவகை’, ‘முதலியன’, ‘உறுப்பு’, ‘கருவி’ போன்ற சொற்களை அடிக்கடி பயன்படுத்தும். நான்கு முதல் எட்டு சொற்களுக்குள் உங்கள் பொய் முடிய வேண்டும்.

‘படப்பை’ என்ற சொல்லுக்கு வந்த பொய்களைப் பாருங்கள். ‘படம் வைக்கும் பை’ என்று ஒருவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, சொல்லைப் பிரித்து அப்படியே ஒட்டியது தெரிந்தது. ‘தேர் வடத்தில் போடும் பெரிய முடிச்சு’ என்று பெரியம்மா சொன்னார். நான்கு வாக்கு. தேரும் வடமும் எல்லோரும் பார்த்தவை, அந்த முடிச்சுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும் என்று மனம் நம்பியது. கண்ணால் பார்த்த ஒரு பொருளின் பெயர் தெரியாத பாகத்தைப் பிடியுங்கள். கிணற்று ராட்டினத்தில், மாட்டு வண்டியில், வீட்டுக் கூரையில் அப்படி எத்தனையோ பாகங்கள் இருக்கின்றன. படப்பையின் உண்மையான பொருள், தோட்டம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. உட்கார்ந்திருப்பவர்களுடைய தொழிலைத் தொட்டுப் பொய் எழுதாதீர்கள். ஒருமுறை நான் ‘தறியில் அறுந்த பாவு நூலைச் சேர்க்கும் முடிச்சு’ என்று எழுதினேன். எதிரே இருந்தவர் அம்மாபேட்டையில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டும் குடும்பம். “எங்க தறியில அப்படி ஒரு பேரு கெடையாதுங்க” என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகிவிட்டார்கள். அதுபோலவே சேகோ ஃபேக்டரிக்காரர் முன்னால் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும், எஸ்டேட்காரர் முன்னால் காப்பிச் செடியைப் பற்றியும் எழுத வேண்டாம்.

ஒரு சுற்றில் சொல் வினையாக ஒலித்தால் வினையாகவும், பெயராக ஒலித்தால் பெயராகவும் எழுதுங்கள். ஐந்து பேர் பொருள்களை எழுத, ஒருவர் மட்டும் மனநிலையை எழுதினால் அது தனியாகத் தெரியும். அதைக் கொண்டே ஏமாற்றலாம், ஆனால் பழகிய பிறகு.

8. பொருளைச் சொன்னதும் எழுந்துவிடாதீர்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆட்டத்திலேயே பிடித்தது இதுதான். புள்ளி போட்டதும், அந்தச் சொல் எங்கே இருந்தது என்பதை இரண்டு நிமிடம் சொல்லுங்கள். ‘குய்’ என்றால் தாளிப்பு என்று மட்டும் சொன்னால் மறந்துவிடும். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிர் பிசைந்த விரலோடு, தாளிப்புப் புகை கண்ணில் படிய, கணவனுக்குப் புளிக்குழம்பு வைக்கிறாள் என்று சொன்னால் அந்தச் சொல் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுப் பெண் இப்போது தாளிக்கும்போதெல்லாம் “குய் போடுறேன்” என்கிறாள்.

‘ஆம்பி’ என்ற சொல்லை வைத்த அன்று நடந்ததை மறக்க முடியாது. காளான் என்று பொருள். மூன்று பேர் கண்டுபிடித்தார்கள், கைதட்டினார்கள். அப்புறம் தமிழாசிரியை அம்மா புறநானூற்றின் 164-ஆம் பாட்டைச் சொன்னார். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது, பால் இல்லாத தாயிடம் குழந்தை அழுகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும், தன் சிறுவயதில் அடுப்பு எரியாத நாட்களைப் பற்றி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அன்று மீதிச் சுற்றுகள் ஆடவில்லை. அப்படி நின்றுபோனால் நிற்கட்டும், இழுத்துப் பிடித்து அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள்.

9. இடம்: சேலத்திலும் ஏற்காட்டிலும்

சேலத்தில் வீட்டு மாடியே போதும். மார்ச் முதல் மே வரை மதியம் வைக்காதீர்கள், ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்கும், கிளிப் அட்டை அதற்குத்தான். பொது அறை கேட்பதாக இருந்தால், அது அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் நூலகமானாலும், எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், என்ன நிகழ்ச்சி, பொறுப்பாளர் பெயர், தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். ஒரு நகல் எடுத்து, அதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பதில் வர பத்து நாள் ஆனது, ஆகவே இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

ஏற்காட்டில் ஆடுவது தனி அனுபவம். அதற்குத் தயாரிப்பும் கூடுதலாக வேண்டும். தங்குமிடத்தில் பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆதார் நகல்களை ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லோரும் சேர்ந்து உட்காரப் பொது அறை உண்டா, அங்கே படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்குமா, இரவு எத்தனை மணி வரை அதைப் பயன்படுத்தலாம். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். ஒரு தங்குமிடத்தில் கூடம் உண்டு என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டினோம். போய் இறங்கினால் கூடத்தை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் ரசீதும் இல்லை, செய்தியும் இல்லை. எட்டு பேர் ஒரு கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடினோம்.

மே மாதம் கோடை விழா நேரத்தில் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும். வார நாளில் போக முடிந்தால் செலவு நன்றாகக் குறையும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்குள்ளேயே ஆரம்பிக்கலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள், வளைவில் குனிந்து எழுதினால் நிச்சயம் வாந்தி வரும். திறந்த வெளியில் ஆடுவதும் வேண்டாம். மலை விளிம்பில் இருக்கும் பார்வை முனைகளில் காற்று சீட்டைக் கொண்டுபோய்விடும், குரங்குகள் மற்றதைக் கொண்டுபோய்விடும். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் அறைக்குள் உட்கார்ந்து தொடங்குவதுதான் நல்லது. மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு டார்ச் வைத்திருங்கள்.

10. முதல் நாளுக்கு ஏழு சொற்கள்

இந்தப் பகுதியைக் குழுவில் ஒருவர் மட்டும் படிக்க வேண்டும். மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன சொற்கள் இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இருக்கும் கூட்டத்தில் உதவாது.

வெருகு: காட்டுப்பூனை. வேருக்கும் வெருட்டுவதற்கும் ஓடுவார்கள்.
உலண்டு: பட்டுப்புழு. பட்டு நெய்பவர்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை.
நுவணை: இடித்த மாவு.
இதணம்: தினைப்புனம் காக்கும் பரண். ஏற்காட்டுக்கு என்று எடுத்து வையுங்கள்.
ஞாயில்: கோட்டை மதிலின் ஓர் உறுப்பு. அன்றைய ஞகரச் சொல் இது ஒன்றாகவே இருக்கட்டும்.
குறும்பூழ்: காடை.
பொச்சாப்பு: மறதி. திருக்குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, ஆகவே குறள் ஒப்பித்த பிள்ளைகள் இருந்தால் இதை மாற்றிவிட்டு ‘சிதலை’ வையுங்கள். கறையான் என்று பொருள்.

நுவணையையும் குறும்பூழையும் முதலிரண்டு சுற்றில் வையுங்கள், அவை சுலபமாகப் பொய்க்கு இடம் கொடுக்கும். உலண்டு டீ இடைவேளைக்குப் பிறகு. ஆடிய சொற்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். எங்கள் நோட்டில் இப்போது 300 சொல்லைத் தாண்டிவிட்டது, அந்த நோட்டு இல்லாமல் எது ஆடியது, எது ஆடாதது என்று எங்களால் சொல்லவே முடியாது.